பவளத்துக்குச் சிவப்பு குறைந்த கதை

ஒரு காட்டில், காடென்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், பாதியை வெட்டி பிளாட் போட்டாயிற்று, அங்கே முதல் வீட்டில் பவளம் என்ற பூனைப்பெண் தன் தாய் கோமளாவோடு இருந்தாள்.

பவளத்தின் மேல் தெள்ளுப்பூச்சிகள் குடும்பம் குடும்பமாகக் குடியேறி ரத்தம் உறிஞ்சின. ரோஜா நிறத்திலிருந்த மூக்கும் ஈறும் வெள்ளைவெளேரென்று ஆயின. மதிலேறினால் மூச்சு இரைத்தது. பாவம், பாதி நாள் சுருண்டே கிடந்தாள்.

"ஏண்டி, என்ன தேய்ச்சுக் குளிக்கிறே? இப்படிச் செவந்துட்டியே!" என்றாள் பக்கத்து வீட்டு வெள்ளாட்டம்மா. நம் ஊரில் வெளுத்தால் அதற்குப் பெயர் சிவப்பு. ஏனென்று என்னைக் கேட்காதீர்கள்.

கோமளாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறவர்கள் போட்டிருந்த ஒரே நிபந்தனை, பெண் சிவப்பாக இருக்க வேண்டும்.

ஒருநாள் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே பவளம் மயங்கி விழுந்தாள். கோமளா அலுத்துக்கொண்டே டோக்கன் வாங்கி, முயல்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று, மரங்கொத்தி டாக்டரிடம் காட்டினாள்.

டாக்டர் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தார்.

"ரத்தத்துல சிவப்பணு ரொம்பக் கொறைஞ்சுபோச்சும்மா. மூச்சுல இழுக்கிற ஆக்சிஜனை உடம்பு பூரா சுமந்துட்டுப் போறது அதுங்கதான். பத்து ஆள் தூக்குற மூட்டையை ரெண்டு ஆள் தூக்கினா? அதான் இரைக்குது, நெஞ்சு அடிச்சுக்குது. இப்படியே விட்டா உயிருக்கே ஆபத்து."

"கல்யாணம் முடியட்டும் டாக்டர், பார்த்துக்கலாம்" என்று கோமளா எழுந்துவிட்டாள்.

டாக்டருக்கு எரிச்சல். சீட்டில் 'சிவப்பு மிகக் குறைவு' என்று கிறுக்கிக் கையில் திணித்தார். அதைப் படித்த கோமளா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயையோ! என் பொண்ணுக்கா சிவப்பு குறைவு? மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா மானம் போயிடுமே! எப்படியாவது ஏத்துங்க டாக்டர்!"

விளக்கம் சொல்ல வாயைத் திறந்த டாக்டர் யோசித்து மூடிக்கொண்டார். "பேன் சீப்பால தினம் வாருங்க. இந்தச் சொட்டு மருந்தைப் பிடரியில விடுங்க. டானிக் கொடுங்க, ஈரல் கொடுங்க. சிவப்பு கிடுகிடுன்னு ஏறிடும்."

கோமளா ஒரு வேளை தவறவில்லை. தெள்ளுகள் ஒழிந்தன. ஒரே மாதத்தில் ஈறும் மூக்கும் பழைய ரோஜா நிறத்துக்குத் திரும்பின.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய், பவளத்தின் மூக்கை உற்றுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "நிறம் கொஞ்சம் மட்டுதான்."

பவளம் ஒரே தாவாக மதில் உச்சிக்கு ஏறினாள். துளிகூட இரைக்கவில்லை.

"பாலைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றாள் அங்கிருந்தே.

நீதி: உயிர் போகும் என்றால் ஒருவரும் மருந்து வாங்க மாட்டார்கள், கலர் போகும் என்று சொல்லுங்கள்.