டேப் பாய் அளந்த வீடு

திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் எங்கள் தெருவில் டேப் பாய் அளந்து பார்க்காத பொருள் என்று ஒன்றுமே கிடையாது. வீடு, வாசல், சாக்கடை, கல்யாணப் பந்தல், கடைசிவீட்டுக்குப் புதிதாக வந்த மாப்பிள்ளை உட்பட எல்லாவற்றையும் அளந்து முடித்துவிட்டார். தோல் மண்டியில் நாற்பது வருடம் தோல் அளந்தவர். ஓய்வு பெற்றபோது வேலையை விட்டார், டேப்பை விடவில்லை. லுங்கி மடிப்பில் அது எப்போதும் இருக்கும். அவருடைய நிஜப் பெயரை நான் இதுவரை கேட்டதுமில்லை, யாரும் சொன்னதுமில்லை.

நாங்கள் அந்தத் தெருவுக்கு வந்ததற்கும் ஒரு லுங்கிதான் காரணம். சென்னையில் ஃபிளாட்டில் இருந்தபோது பால்கனியில் என் லுங்கியைக் காயப்போட்டேன். பத்தே நிமிடத்தில் அசோசியேஷன் செயலாளர் அதைப் படம் பிடித்து, சிவப்பு வட்டம் போட்டு, வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்றிவிட்டார். நூற்றிருபது குடும்பங்கள் என் லுங்கியைப் பார்த்தன. மூன்று பேர் கைகூப்பி வேறு பதில் போட்டிருந்தார்கள்.

திண்டுக்கல் பக்கம் எரியோட்டில் பிறந்த என் மனைவி அன்றைக்கே சொல்லிவிட்டாள். "நீங்க ரிட்டயர் ஆனதும் எங்க ஊர்ப் பக்கம் போயிருவோம். தனி வீடு. அசோசியேஷன்னு ஒண்ணு இருந்தா அந்த வாசப்படியக்கூட மிதிக்க மாட்டேன்."

அப்படித்தான் நான் ரிட்டயர் ஆன கையோடு, புரோக்கரோடு நாகல் நகர் வீட்டைப் பார்க்கப் போனோம். இரண்டு அறை, மேலே மொட்டை மாடி. அசோசியேஷன் உண்டா என்று மூன்று முறை கேட்டேன். "அதெல்லாம் இங்க ஒரு பயலும் வைக்க மாட்டான் சார்" என்றார் புரோக்கர். அவர் வாயை மூடுமுன் எதிர்வீட்டிலிருந்து டேப் பாயின் குரல் வந்தது.

"வீடு பாக்கவா வந்திருக்கீக? இன்னைக்கு வந்து என்னத்தப் பாப்பீக? குழாயில நல்ல தண்ணி விடுற அன்னைக்கு வாங்க. தெருவுல ஒரு சண்டை நடக்கும். அதப் பாத்தும் புடிச்சிருந்தா அட்வான்ஸ் குடுங்க."

புரோக்கரின் முகம் சுண்டிப்போயிற்று. பாய் அதற்குள் ரோட்டைக் கடந்து வந்து டேப்பை உருவியிருந்தார்.

"பத்திரத்துல முகப்பு எம்புட்டு?"

"இருபத்தி நாலு அடி பாய்."

ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார். அளந்தார். "இருபத்தி மூணு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருந்த ஒரே ஃபிளாட்டை விற்று வாங்கப்போகிற வீடு அது. புரோக்கர் குனிந்து பார்த்து அலறினார். "பாய், டேப்பு இருபத்தி நாலுலதானே நிக்கிது!"

"இப்ப நிக்கிது தம்பி. காஞ்சா ஒரு அடி சுருங்கும்ல?"

"அட பாய்! இது நெலம், தோலு இல்ல!"

பாய் டேப்பைச் சுருட்டினார். "இருந்தாலும் கொறச்சே வச்சுக்கங்க சார். பின்னால வருத்தம் வராது."

சர்வேயரை வைத்து அளந்து, தண்ணீர்ச் சண்டையையும் நேரில் பார்த்து, வீட்டை வாங்கினோம். குடிவந்த மறுநாளே பாய் எங்கள் மாடியில் நின்றார். கொடிக்கயிறு தாழ்வாக இருக்கிறதாம். அளந்து, அவிழ்த்து, அரை அடி உயர்த்திக் கட்டிவிட்டுப் போனார். அதற்கடுத்த நாள் என் ஸ்கூட்டர் நிற்க வேண்டிய இடத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார்.

"அங்க நூத்தியிருபது வீட்டுக்கு ஒரு அசோசியேஷன். இங்க நம்ம ஒரு வீட்டுக்கே ஒண்ணா?" என்று மனைவி கேட்டாள். அவசரப்பட்டு ஃபிளாட்டை விற்றுவிட்டோமோ என்று எனக்கும் தோன்றியது.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை சாக்கடை அடைத்துக்கொண்டு, தண்ணீர் எங்கள் வாசல் படியேறியது. பழக்கதோஷத்தில் நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். "யார்கிட்ட கம்ப்ளெய்ன்ட் பண்ணணும் பாய்?"

பாய் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கையில் கடப்பாரையோடு, முழங்காலளவு சாக்கடையில் நின்றிருந்தார். "அசோசியேஷன் வேணாம்னுதானே வந்தீக? அப்ப எறங்குங்க."

இறங்கினேன். எனக்குப் பின்னால் தெருவே இறங்கியது. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்தது. பாய் மட்டும் கரையேறாமல் சாக்கடையின் ஆழத்தை அளந்துகொண்டிருந்தார். அன்று மனைவி அவருக்கு டீ கொடுத்து, "அண்ணே, கொடிக்கயிறு இந்த ஒசரந்தான் சரி" என்றாள். அந்த வீடு எங்களுக்குச் சொந்தமானது பத்திரம் பதிந்த அன்று அல்ல, அன்றைக்குத்தான்.

இந்தச் சித்திரையில் பாயின் மகள் வந்து அவரைச் சென்னைக்கு அழைத்துப் போய்விட்டாள். ஃபிளாட். வீட்டை விற்றுவிடுவது என்பதும் மகளின் முடிவுதான். பாய்க்கு அரை மனசுகூட இல்லை. கிளம்பும்போது டேப்பை என் கையில் கொடுத்தார். "அங்க அளக்குறதுக்கு ஒண்ணும் இல்லையாம் சார். வீடு பாக்க ஆள் வந்தா நீங்களே அளந்து காட்டுங்க."

போன வாரம் போன் செய்தார். "பால்கனியில லுங்கியக் காயப்போட்டேன் சார்."

"குரூப்புல போட்டுட்டாங்களா பாய்?"

"வட்டம் வேற போட்டிருக்காக."

தெருவையே அதட்டிய குரல் அது. அவ்வளவு தணிந்து கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை.

நேற்று பாயின் வீட்டைப் பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். டேப்பின் ஒரு முனையைக் கணவரைப் பிடிக்கச் சொன்னேன். சரியாக இருபது அடி. "பத்தொன்பது" என்றேன்.

"இருபதுல நிக்குதே சார்?"

"இப்ப நிக்கும். காஞ்சா சுருங்கும்."

எங்கள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி தன் பங்குக்கு எட்டிப் பார்த்தாள். "நல்ல தண்ணி விடுற அன்னைக்கு வாங்க. சண்டையப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க!"

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். போகட்டும். வீடு விற்காமல் கிடந்தால், பாய் என்றைக்காவது திரும்பி வந்துதானே ஆகவேண்டும்?