மச்சானுக்கு நான் செய்து கொடுத்த ஆப்

பாராட்டு கிடைக்கிற இடத்தில் பலருக்கு உண்மையைச் சொல்லத் தோன்றாது. எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. ஆகவே நான் முட்டாளைவிடக் கொஞ்சம் மோசம்.

என் அக்கா வீட்டுக்காரருக்கு மாட்டுத்தாவணியில் கல்யாண மாலைக் கடை. இருபது வருஷத்தில் ஒரு கல்யாணத்துக்கும் மாலை தவறியதில்லை என்பதுதான் அந்தக் கடையின் பேரே. "போன் எடுத்தே காது போச்சு மாப்ள, ஆர்டர் எடுக்க ஒரு ஆப் செஞ்சு குடேன்" என்றார். அப்போது நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம். (கம்பெனியை ஆரம்பித்ததே நான்தான் என்பது போல நடப்பேன்.)

கூட வேலை பார்த்த கோரிப்பாளையம் ஃபாத்திமாவிடம் பெருமையடித்தேன். அவள் சொன்னாள்: "பேப்பர்ல வரைஞ்சு காட்டு. அவரு தொட்டுப் பாக்கட்டும், திருத்திட்டுக் கிழிச்சுப் போடு. இல்லாட்டி ஒரே ஒரு மாலைக்கு நெசமா வேலை செய்யிறதா சின்னதாக் கட்டி, அதையே வளத்துக்கிட்டுப் போ. எதுன்னாலும் அவருகிட்ட முதல்லயே சொல்லிரு."

பேப்பரா? அதுக்கா எங்கப்பா என்னை இஞ்சினியரிங் படிக்க வச்சாரு? சின்னதா? நானா? மூன்றே நாளில் பளபளவென்று ஒன்றைச் செய்தேன். ரோஜா, சம்பங்கி எல்லாம் படமாக மின்னும். பட்டனை அமுக்கினால் 'ஆர்டர் பதிவானது' என்று வரும். எங்கே பதிவானது? பின்னால் ஒரு மண்ணும் கிடையாது.

காட்டப் போன அன்று மச்சான் நல்ல நேரம் பார்த்து, சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்திருந்தார். போனுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார். பூசை போட்டாச்சு என்றால் யாவாரம் ஆரம்பிச்சாச்சு, அவ்வளவுதான். "எம் மச்சினன் செஞ்சது!" என்று என் கழுத்தில் ஒரு ரோஜா மாலையைப் போட்டார். அக்கா அழுதேவிட்டாள். 'மச்சான், இது சும்மா காட்டுறதுக்கு' என்பது தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினேன். (பத்து நாளில் உண்மையானதைக் கட்டிவிடலாம் என்று நினைப்பு.)

அவரோ அன்றைக்கே ஊருக்கெல்லாம் லிங்க் அனுப்பினார். போனில் கேட்டவர்களிடமும் "ஆப்லயே போடுங்கண்ணே" என்றார். நாலு நாள் கழித்து, "ஒண்ணுமே வரலியே மாப்ள?" என்று கேட்டார். "மெதுவாத்தான் வரும் மச்சான்" என்றேன், வெட்கமே இல்லாமல்.

மறுநாள் முகூர்த்தம். நானும் கடையில்தான் இருந்தேன். பழங்காநத்தத்திலிருந்து பொண்ணோட அப்பா பட்டு வேட்டியோடு ஓடி வந்தார். "மாலை எங்கண்ணே? மாப்பிள்ளை மணவறையில உக்காந்துட்டாரு!"

மச்சான் என் பக்கம் திரும்பினார். "ஆர்டரு எங்க மாப்ள?"

"அது... மாதிரிக்குச் செஞ்சது மச்சான்."

"அம்புட்டும் பொய்யா?"

அன்று காலை இன்னும் ஐந்து அப்பாக்கள் வந்தார்கள். மச்சான் என்னைத் திட்டவில்லை. ஒவ்வொருவர் கையையும் பிடித்து மன்னிப்புக் கேட்டார். நான் பூ மூட்டைக்குப் பின்னால் நின்றேன். அந்த ஆறு குடும்பமும் திரும்ப வரவில்லை. அவர்கள் சொல்லி மற்றவர்களும் வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

போன மாதம், என் மனைவி உண்டாகியிருக்கிறாள் என்று அக்கா வீட்டில் போய்ச் சொன்னேன்.

"நெசமாவாடா, இல்ல சும்மா காட்டுறதுக்கா?" என்றாள் அக்கா. வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். மச்சான் மட்டும், "கடைக்குப் போறேன்" என்று எழுந்து போனார்.