பெட்ரோல் சிக்கனமும் ஓட்டுப்பெட்டிகளும்

பெட்ரோல் மிச்சம் பிடிக்கப் போய் சர்க்காரையே நடுரோட்டில் நிறுத்தியவன் நான். பேச்சுக்குச் சொல்லவில்லை. நாட்டின் முதல் பொதுத் தேர்தலில் சீல் வைத்த ஓட்டுப்பெட்டிகள், அவற்றுக்குப் பொறுப்பான அதிகாரி, காவலுக்கு வந்த போலீஸ்காரர், எதிரெதிர் வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் இருவர் என்று அத்தனை பேரையும் பெரியபட்டினத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில் ஒரு பொட்டலில் இறக்கி நிற்க வைத்திருக்கிறேன். (ஜெயிலுக்குப் போகவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசிவரை நீங்கள் எனக்காகக் கவலைப்பட வேண்டியிருக்கும்.)

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. எங்களுக்குக் கடலாடிப் பக்கம் மிளகாய்க் காடு. உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது, என் நச்சரிப்புத் தாங்காமல் அய்யா ஒரு பழைய பிக்கப் வண்டியை எடுத்தார். மிளகாய் மூட்டையை ராமநாதபுரம் கொண்டுபோக மாட்டு வண்டிக்கு ஒரு நாள் ஆகும்; பிக்கப்புக்கு ஒன்றரை மணி நேரம். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் அது குடித்த பெட்ரோலை நினைத்தால் அய்யாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. ஒரு காலன் பெட்ரோலுக்கு, அதாவது நாலரை லிட்டருக்கு, பத்து மைல்கூட ஓடாது.

"ஏலே, இது வண்டியா, சாராயக்கடையே கதின்னு கெடக்குற பயலா?" என்றார் ஒருநாள். "தை பொறக்குறதுக்குள்ள இதோட குடிய நிப்பாட்டு. இல்லைன்னா பழைய இரும்புக்குப் போட்டுட்டு நிம்மதியாப் படுத்துருவேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. எங்கள் வட்டாரத்தில் ஸ்டீரிங் பிடிக்கத் தெரிந்த நாலைந்து பேரில் நான் ஒருவன். வண்டி போனால் என்னிடம் மிஞ்சுவது என் மீசை மட்டும்தான். (அதுவும் அப்போதுதான் வளர ஆரம்பித்திருந்தது.)

ராமநாதபுரத்தில் கனி பாய் என்று ஒரு மெக்கானிக். அவர் வண்டியைச் சுற்றி வந்து நாலே காரியம் செய்தார். தூசி அடைத்துக் கிடந்த காற்று வடிகட்டியை அலசி மாட்டினார். பிளக்குகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். தொங்கிப் போயிருந்த டயர்களில் காற்றை ஏற்றினார். காலை எடுத்த பிறகும் சக்கரத்தை உரசிக்கொண்டிருந்த பிரேக்கைத் தளர்த்தினார். "நாப்பதுல பறக்காதீக, இருபத்தஞ்சுலயே உருட்டுங்க" என்று புத்தியும் சொன்னார். ஒரே வாரத்தில் காலனுக்குப் பதின்மூன்று மைல் ஓடியது.

அத்தோடு நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

பதின்மூன்று வந்தால் பதினாறு ஏன் வராது என்று தோன்றிவிட்டது. கனம் குறைந்தால் பெட்ரோல் குறையும் என்பது என் சித்தாந்தம். ஸ்டெப்னிச் சக்கரத்தைக் கழற்றி வீட்டில் வைத்தேன். ஜாக்கி போனது. ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் கிடந்த இரும்புப் பெட்டியும் போனது. பக்கத்து சீட்டின் மெத்தையைப் பிய்த்துவிட்டு வெறும் பலகையை வைத்தேன். டாங்க் நிறைய பெட்ரோல் இருந்தால் அதுவும் கனம்தானே என்று, போகிற தூரத்துக்கு மட்டும் அளந்து ஊற்றினேன். ஊற்றுகிற பெட்ரோலிலும் நாலில் ஒரு பங்கு சீமெண்ணெய் கலந்தேன். இறக்கம் வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டினேன். (எங்கள் சீமையில் இறக்கம் என்றால் கண்மாய்க் கரையிலிருந்து இறங்குகிற இடம்தான். அதையும் விட்டுவைக்கவில்லை.)

கடைசியாகச் செய்ததுதான் மகா பாவம். கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற ஜெட் என்று ஒன்று உண்டு. குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அந்தத் துளைக்குள் மெல்லிய செம்புக் கம்பி ஒன்றைச் செருகிவிட்டேன். துளை சின்னதானால் வண்டி குறைவாகத்தானே குடிக்கும்? குடித்தது. காலனுக்குப் பதினாறு! கனி பாயிடம் போய்ப் பீற்றிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, அந்தக் கம்பிய உருவிருங்க. ஒரு தூசி வந்து ஒக்காந்தாலும் அம்புட்டுத்தான், வண்டி படுத்துரும்."

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் தேர்தல் வந்தது. ஓட்டுப்பெட்டிகளை எடுத்துவர வண்டி வேண்டுமென்று தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்தபோது, அய்யா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்ற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பழைய இரும்புப் பேச்சே அதன்பின் எழவில்லை.

பெரியபட்டினத்தில் ஓட்டுப்பதிவு முடிந்து, இரவு பெட்டிகளை அங்கேயே பள்ளிக்கூடத்தில் காவலில் வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் நான் போய் ஏற்ற வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்குள் ராமநாதபுரத்தில் ஒப்படைக்க வேண்டும். போய்ப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. அந்தத் தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி. எல்லாம் இரும்பு. வெறும் ஸ்பேனரை இறக்கிவிட்டுப் பெருமைப்பட்டவன் வண்டியில் சர்க்கார் பதினெட்டு இரும்புப் பெட்டிகளை ஏற்றியது.

பொறுப்பதிகாரி தாலுகா ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. பெயர் வைத்தியநாதன். ஓய்வு பெற ஆறு மாதம்தான் பாக்கி. அரக்கு முத்திரைகளை அரை மணிக்கு ஒருமுறை எண்ணிக்கொண்டே இருந்தார். அவரும் போலீஸ்காரரும் என்னோடு முன்னால். பின்னால் பெட்டிகளுக்குக் காவலாக இரண்டு ஏஜெண்டுகள். ஒருவர் இரட்டைக் காளைச் சின்னத்துக்கு வேலை பார்த்த முத்திருளாண்டி. இன்னொருவர் சைக்கிள் சின்னத்தில் நின்ற சுயேச்சையின் ஆள், நைனா முகமது. ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள். நைனா முகமது தன் சைக்கிளையும் தூக்கிப் பெட்டிகளின் மேல் நிறுத்திக் கட்டினார்.

"அண்ணே, அந்தச் சைக்கிள் கனம்ணே" என்றேன் நெஞ்சு பதற.

"அது எங்க சின்னம் தம்பி. இங்கன விட்டுட்டு வரமாட்டேன்."

முக்கால்வாசி தூரம் நன்றாகத்தான் வந்தோம். ஒரு கண்மாய்க் கரை வந்தது. வழக்கம்போல உச்சியில் எஞ்சினை நிறுத்தினேன். வண்டி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. "என்னப்பா, சத்தத்தையே காணோம்?" என்றார் வைத்தியநாதன். "சிக்கனம் சார்" என்றேன் மிடுக்காக. அடியில் போய் மறுபடி கிளப்பினேன். இருமியது. மறுபடியும் இருமியது. பிறகு இருமலும் நின்றுவிட்டது.

கனி பாய் சொன்ன தூசி வந்து உட்கார்ந்துவிட்டது. சீமெண்ணெயில் இருந்த அழுக்கு செம்புக் கம்பியில் சிக்கி, துளையை அடைத்துக்கொண்டது. ஜெட்டைக் கழற்றி ஊதினால் ஐந்து நிமிட வேலை. கழற்றத்தான் ஸ்பேனர் இல்லை.

"ஸ்பேனர் எங்க?" என்றார் போலீஸ்காரர்.

"வீட்டுல."

"வண்டிக்கு வேண்டியது வீட்டுல என்னப்பா செய்யிது?"

"கனம்னு எறக்கி வச்சேன் சார்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் ஓரடி பின்வாங்கினேன்.

வைத்தியநாதன் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "பன்னெண்டுக்குள்ள பெட்டி போகலைன்னா நாம பெட்டிய மாத்திட்டோம்னு சொல்லுவாங்க. மறுபடி ஓட்டுப்பதிவு வைப்பாங்க. என் பென்ஷன் போச்சு" என்றார். அவர் குரல் உடைந்ததைக் கேட்டபோதுதான் எனக்குப் பதினாறு மைல் பெருமை முற்றிலுமாக இறங்கியது. கட்சிக்காரர்கள் இருவரும் இறங்கி வண்டியைத் தள்ளினார்கள். ஒரு மைல் தூரம் தள்ளினோம். எஞ்சின் அசையவில்லை, எங்களுக்குத்தான் மூச்சு இரைத்தது. டவுனுக்கு இன்னும் மூன்று மைல்.

அந்த நேரத்தில் உப்பு ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டு வண்டி வந்தது. வண்டிக்காரர் நல்ல மனிதர். "உப்பு இங்கனயே கெடக்கட்டும், ரெண்டு மாட்டையும் இதுல பூட்டி இழுத்துருவோம்" என்றார். நுகத்தடியைக் கயிற்றால் பிக்கப்பின் பம்பரில் கட்டி, இரண்டு காளைகளையும் பூட்டினோம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நிறுத்து!" என்று கத்தினார் நைனா முகமது. "இது அநியாயம் சார்! ரெட்டைக் காளை அவுக சின்னம். ஓட்டுப்பெட்டிய ரெட்டைக் காளை இழுத்துட்டு டவுனுக்குள்ள போனா என்ன அர்த்தம்? அவுக செயிச்சுட்டாகன்னு ஊரே பேசும்!"

"அப்ப பெட்டிக்கு மேல ஒங்க சைக்கிள் ஏறி நிக்கிது, அது என்னவாம்?" என்று முத்திருளாண்டி எகிறினார்.

அந்த நேரத்தில் வைத்தியநாதன் எழுந்து நின்ற தோரணை இன்றும் என் கண்ணில் இருக்கிறது. முப்பது வருட குமாஸ்தா உத்தியோகம் அத்தனையும் அவர் முதுகெலும்பில் வந்து நின்றது. தீர்ப்புச் சொன்னார். "சைக்கிளைப் படுக்கப்போட்டு சாக்கால மூடுங்க. நுகத்தடியில ஒரே ஒரு மாடுதான். இன்னொண்ண நான் பின்னாடி பிடிச்சுக்கிட்டு வர்றேன். சோடியாப் பூட்டினாத்தான் சின்னம். பின்னாடி வந்தா அது வெறும் மாடு."

இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

"அய்யா, ஒத்தை மாட்ட வச்சா நுகத்தடி கோணிக்குமே" என்றார் வண்டிக்காரர். "மறு பக்கத்த யாராச்சும் தாங்கி இழுக்கணும்."

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். போலீஸ்காரர் உடுப்பில் இருக்கிறார். சர்க்கார் உடுப்பை நுகத்தடியில் பூட்ட முடியாது. அவர் ஸ்டீரிங் பிடிக்கட்டும். கட்சிக்காரர்கள் கூடாது; பின்னால் நின்று தள்ளட்டும். வண்டிக்காரர் மாட்டை ஓட்ட வேண்டும். கடைசியில் அவர் பார்வை என் மேல் வந்து நின்றது.

"நீ யாருக்கு ஓட்டுப் போட்ட?"

"நான் யாருக்கும் போடல சார். நேத்து முழுக்க இந்த வண்டியத்தான் துடைச்சுக்கிட்டிருந்தேன்."

"நல்லதாப் போச்சு. இங்க கட்சி சாராத ஆள் நீ ஒருத்தன்தான். வா."

இடது பக்கம் மயிலைக் காளை; வலது பக்கம் நான். தோளில் துண்டை மடித்து வைத்து, அதன்மேல் நுகத்தடி. முதல் அரை மைல் வரை காளை என்னைச் சந்தேகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பிறகு நம் இனம்தான் என்று முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது. என் வேகத்துக்குத் தகுந்தாற்போல் நடக்க ஆரம்பித்தது. வண்டிக்காரர் பழக்கதோஷத்தில் "ஹை, ஹை" என்று எங்கள் இருவரையும் சேர்த்தே ஓட்டினார். பின்னால் முத்திருளாண்டியும் நைனா முகமதுவும் தோளோடு தோள் முட்டித் தள்ளினார்கள். "கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிருங்க காக்கா" என்று முத்திருளாண்டி சொன்னது என் காதில் விழுந்தது. (எங்கள் பக்கத்து முஸ்லிம்களுக்குக் காக்கா என்றால் அண்ணன்.) ஒரு மாதத்தில் அவர் நைனா முகமதுவிடம் பேசிய முதல் நல்ல வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

அரண்மனைத் தெருப்பக்கம் நாங்கள் நுழைந்தபோது கடைகளில் வியாபாரம் நின்றது. ஒரு ஹோட்டல்காரர் டீயை ஆற்றிக்கொண்டே பார்த்தார். டம்ளரில் விழ வேண்டிய டீ தரையில் விழுந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். (நுகத்தடிக்குக் கீழே வேறு எப்படியும் இருக்க முடியாது.)

பன்னிரண்டடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பெட்டிகளை இறக்கினோம். பெரிய அதிகாரி ஒவ்வொரு முத்திரையாகப் பார்த்தார். பதினெட்டும் அப்படியே இருந்தன. "வழியில ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார்.

வைத்தியநாதன் என்னைப் பார்த்தார். என் தோளில் தோல் உரிந்து சட்டையில் ஒட்டியிருந்தது.

"ஒண்ணுமில்லை சார். வண்டி கொஞ்சம் நிதானமா வந்துது" என்றார்.

இரண்டு ஏஜெண்டுகளும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, யாரும் பார்க்காத நேரத்தில் கொஞ்சம் அழுதேன். அன்றைக்குப் போல் மூச்சு லேசாக வந்த நாள் என் ஆயுளில் இன்னொன்று இல்லை. கனி பாய் வந்து கம்பியை உருவினார். வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. அதன்பிறகு பல வருஷம் காலனுக்குப் பதின்மூன்று மைல் ஓடியது. நானும் ஒரு மைல்கூட அதிகம் கேட்கவில்லை.

டவுனில் எனக்கு 'வலத்து மாடு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து ராமநாதபுரத்திலேயே பெண் பார்த்தார்கள். பெண்ணின் தகப்பனார் என்னைப் பற்றிக் கடைத்தெருவில் விசாரித்திருக்கிறார். எல்லாரும் இந்தக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சம்பந்தம் போயே போய்விட்டது என்று நாங்கள் நினைத்தோம். அவரோ வீட்டுக்குப் போய், "பூட்டுன எடத்துல முரண்டு பண்ணாம இழுத்திருக்கான். பொண்ணக் குடுக்கலாம்" என்று சொல்லிவிட்டாராம்.

அந்தப் பெண்தான் என் வீட்டுக்காரி. போன மாதம் என் மகன் கார் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது:

"கொறைச்சலாத்தான் ஓடும்னு சொல்லிருடா. இந்த வயசுல அவரு தோளு தாங்காது."