ஏழாம் செய்யுள் கட்டாயம் வரும்

“எழுத்தெல்லாம் தமிழ்தான், தங்கச்சி. ஆனா ஒரு வரியும் விளங்குதில்லையே,” என்றார் டொமினிக்.

மேசையில் விரிந்து கிடந்தது வதனியின் கொப்பி. அந்தச் சோதனைச்சாவடி முகாமில் தமிழ் தெரிந்த ஒரே ஆள், மொழிபெயர்ப்புக்கென்று இருந்த தன்னாமுனை ஊர்ப் பொலிஸ்காரர் டொமினிக்தான். அவருக்கே விளங்காத தமிழை ஒருத்தி பையில் வைத்துக்கொண்டு திரிகிறாள் என்றால், மேசைக்குப் பின்னால் இருந்த கப்டன் என்ன நினைப்பார்?

அது 2009 மாசி மாதம். வன்னியில் கடைசிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. களுவாஞ்சிக்குடியில் ரியூசன் வகுப்பு முடிந்து நாவற்குடாவுக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸை மறித்து, எல்லோரையும் இறக்கி, பைகளைத் திறக்கச் சொன்னார்கள். மற்றவர்களின் பைகளில் கருவாடும் கத்தரிக்காயும் இருந்தன. வதனியின் பையில் இலக்கியம் இருந்தது.

உயர்தரப் பரீட்சையின் தமிழ்ப் பாடத்துக்குரிய பழைய போர்க் காவியம் அது. அச்சுப் புத்தகம் கடைகளில் இல்லை. பள்ளிக்கூட நூலகத்தைச் சுனாமி அலுமாரியோடு அள்ளிக்கொண்டு போய்விட்டது. தமிழ் படிப்பிக்கும் நல்லரத்தினம் மாஸ்டர் மட்டும் ஒரு பிரதியைச் சேற்றுக்குள்ளிருந்து எடுத்துக் கூரைத் தகரத்தில் காயப்போட்டிருந்தார். தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரி ஊதிப்போன அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். வதனி அதில் பாடத்துக்கு உள்ள பன்னிரண்டு செய்யுளையும் எழுதி, பக்கத்தில் அருஞ்சொல் விளக்கமும் எழுதியிருந்தாள்.

கப்டன் கொப்பியைப் புரட்டிப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

“சேர் கேக்கிறார்,” என்றார் டொமினிக். “இதில ‘களிறு - யானை’ எண்டு எழுதியிருக்கு. யானைக்கு யானை எண்டு ஒரு பேர் இருக்கக்குள்ள, என்னத்துக்கு மறுபேர்?”

“பழைய தமிழில அப்பிடித்தான் சேர் சொல்ற.”

“எயில் கோட்டையாம். ஞாட்பு சண்டையாம். எல்லாத்துக்கும் மறுபேர் வைச்சிருக்கிறீங்க. சரி, ஏழாம் செய்யுளுக்கு என்ன கருத்து?”

விளக்கமாகச் சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று வதனி நினைத்தாள். வகுப்பில் சொல்வதுபோலத் தெளிவாகவே சொன்னாள்.

“ஒரு அரசன் சேர், படையோட ஆத்தக் கடந்து, பகைவன்ட கோட்டைய வளைச்சு, நாலு பக்கமும் நெருப்பு வைக்கிறான்.”

சொல்லி முடித்த பிறகுதான் எங்கே நின்று சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

“அது நடந்து ரெண்டாயிரம் வருசம், சேர்!” என்று அவசரமாகச் சேர்த்தாள்.

டொமினிக் கொப்பியின் ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே சிவப்புப் பேனையால் எழுதி, இரண்டு தரம் கோடும் போட்டிருந்தது: ‘இந்த முறை கட்டாயம் வரும்.’

“ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி நடந்தது இந்த முறை எப்பிடி வரும்?”

“சோதினைக்கு வரும் சேர். எங்கட மாஸ்டர்தான் சொன்ன.”

“எந்த மாஸ்டர்?”

மாஸ்டர் என்ற பெயரோடு காட்டுக்குள் திரிந்த இயக்கக்காரர் சிலரையும் அப்போது தேடிக்கொண்டிருந்தார்கள். பேசாமல் இருந்தால் அந்த மாஸ்டர் ஆகிவிடும். சொன்னால் ஒரு பாவப்பட்ட மனிதனைக் காட்டிக்கொடுத்தது ஆகிவிடும்.

“நல்லரத்தினம் மாஸ்டர். தமிழ் படிப்பிக்கிறவர்,” என்றாள்.

கப்டன் கொட்டாவி விட்டபடி ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போனார்.

“நாளைக்குக் காலம எட்டு மணிக்கு அவரையும் கூட்டிக்கு வா,” என்றார் டொமினிக். “வராட்டி ஜீப்தான் போகும்.”

ஜீப் என்ற சொல்லுக்கு வதனியின் வீட்டில் விளக்கம் தேவையில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ‘ஒரு சின்ன விசாரணை’ என்று ஏற்றப்பட்ட அண்ணன் சதீசன் அந்த ஜீப்பிலிருந்து இன்னும் இறங்கவில்லை.

அம்மா சின்னத்தங்கம் செய்தி கேட்டு அழவில்லை. அழுகையெல்லாம் அண்ணனோடு தீர்ந்திருந்தது.

“கணக்குப் படி புள்ள எண்டு அண்டைக்கே சொன்னனே! அதில பகைவனும் இல்ல, கோட்டையும் இல்ல,” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் நல்லரத்தினம் மாஸ்டர் அயன் பண்ணிய சேட்டு அணிந்து வந்தார். கையில் ஒரு பை. அதற்குள் ஒரு சாரம், சவர்க்காரம், ஒரு மாதத்துக்குரிய பிறசர் மருந்துக் குளிசை. திரும்பி வரமாட்டோம் என்று முடிவு கட்டிக்கொண்டு வந்தவரின் பை அது. சின்னத்தங்கம் முகாமுக்கு வெளியே வாகை மரத்தடியில் குந்திக்கொண்டாள். அவளுக்குப் பழகிய இடம். சதீசனுக்காகவும் அங்கேதான் இருந்தவள்.

கப்டன் அறையில் இல்லை. கேள்விகளைச் சொல்லிவிட்டுப் போயிருப்பதாக டொமினிக் சொன்னார். மேசையில் அவருடைய தடித்த கொப்பி ஒன்று திறந்திருந்தது.

“மாஸ்டர், ஏழாம் செய்யுளுக்கு என்ன கருத்து?”

மாஸ்டர் இரவு முழுக்க யோசித்து ஒரு முடிவோடு வந்திருந்தார்.

“அது காதல் பாட்டு, சேர்.”

வதனி திடுக்கிட்டுப் பார்த்தாள்.

“கோட்டை எண்டா தலைவிட மனசு. அரசன் எண்டா காதலன். நெருப்பு எண்டது விரகதாபம்.”

“அப்ப அந்த யானை?”

“யானை…” மாஸ்டருக்கு வியர்த்தது. “யானை எண்டா தோழி, சேர்.”

டொமினிக் நிமிர்ந்து பார்த்தார். “இந்தத் தங்கச்சி நேத்துச் சண்டை எண்டு சொன்ன. நீங்க காதல் எண்டு சொல்றீங்க. இதில ஆர் பொய்?”

அதன்பிறகு இருவரையும் இரண்டு அறைகளில் இருத்தி, ஆளுக்கு ஒரு கட்டுத் தாள் கொடுத்து, பன்னிரண்டு செய்யுளுக்கும் கருத்து எழுதச் சொன்னார். இரண்டும் ஒத்துப்போனால் விடுதலை. ஒத்துப்போகாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை.

வதனி பேனையை எடுத்தாள். மாஸ்டர் காதல் என்று சொல்லிவிட்டார், அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று பன்னிரண்டு செய்யுளையும் காதலாக மாற்றினாள். முறிந்த வேல் தலைவியின் பெருமூச்சு ஆனது. குதிரைகளுக்கும் தோழி வேலை கொடுத்தாள். அடுத்த அறையில் மாஸ்டருக்கோ தன் பொய்யால் பிள்ளை மாட்டிக்கொண்டாளே என்ற கவலை. அவள் உண்மையைத்தான் எழுதுவாள் என்று நம்பி, அவர் பன்னிரண்டையும் போராக எழுதினார்.

இரண்டு கட்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்த டொமினிக் தலையைச் சொறிந்தார். அந்த வழியாகப் போன கப்டன் ஒருதரம் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பைக் கண்ட மாஸ்டர் ஒரு குளிசையைத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினார்.

“நாளைக்கும் வாங்க,” என்றார் டொமினிக். அவருடைய முகத்தில் இருந்தது கோபமா கவலையா என்று தெரியவில்லை. “நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்டா இருந்து சரியான கருத்த எழுதவேணும். அணி, இலக்கணக் குறிப்பு எல்லாம் வரவேணும். சேர் சொன்னதுதான். ஒரு பிழையும் இருக்க ஒண்ணா.”

மூன்றாம் நாள் காலை முதல் பின்னேரம் வரை எழுதினார்கள். வதனி தன் வாழ்நாளில் அப்படி இலக்கியம் படித்ததில்லை. வளைக்கப்பட்ட கோட்டைக்குள் தண்ணீர் இல்லாமல் கிடக்கும் சனங்களைப் பற்றிய எட்டாம் செய்யுளுக்குக் கருத்து எழுதும்போது, அறையில் இருந்த வானொலி வன்னிச் செய்தி வாசித்தது. மாஸ்டர் பேனையை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எழுதுங்க மாஸ்டர், நேரம் போகுது,” என்றார் டொமினிக். அவரது குரல் தணிந்திருந்தது.

ஐந்து மணிக்குத் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்து, அடுக்கி, கோவைக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு இருவரையும் வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்து, கொப்பியை வதனியின் கையில் கொடுத்தார்.

“இனி வர வேணாம். போங்க.”

மாஸ்டர் அந்தச் சொல் மாறிவிடுமோ என்று பயந்து, பையையும் தூக்கிக்கொண்டு பஸ் நிற்பாட்டுமிடத்துக்கு ஓடாத குறையாக நடந்தார். வாகை மரத்தடியில் சின்னத்தங்கம் முழங்காலில் கையூன்றி எழும்பினாள். மூன்று நாளாக அவள் தண்ணீரைத் தவிர வேறொன்றும் வாயில் வைக்கவில்லை. மகள் தன் காலில் நடந்து வருவதைக் கண்டதும், எழும்பியவள் திரும்பவும் அப்படியே குந்திவிட்டாள்.

வதனிக்கு டொமினிக்கைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

“பெரிய உதவி அண்ணன். கடைசியா கப்டன் எப்பிடி நம்பின?”

டொமினிக் சுற்றிவரப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“அவர் முதல் நாளே ‘பள்ளிக்கூடப் புள்ள, விடு’ எண்டு சொல்லிட்டார் தங்கச்சி, நான்தான் மறிச்சு வைச்ச. ஆவணிச் சோதினையில நானும் இந்தப் பாடந்தான் எழுதிற, பொலிஸ்காரனுக்கு ஆர் ரியூசன் தாற?”