டபுள் பெல் அண்ணனும் கேக் பாப்பும்

கொச்சியில் உட்கார்ந்து சாயா குடிக்கத் தெரியாத ஒரே மனிதர் டபுள் பெல் அண்ணன்தான். மட்டாஞ்சேரியில் நான் பள்ளிக்கூட டீச்சராக இருந்தபோது மாடியில் நான், கீழே அவரும் மனைவி சரசக்காவும். ஆலுவாவைத் தாண்டிப் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். பயணி படியில் ஒரு கால் வைத்ததுமே பெல் கயிற்றை இரண்டு முறை இழுத்து வண்டியைக் கிளப்பிவிடுவார். மற்ற கால் எப்படியாவது வந்து சேர வேண்டும்.

அந்த அவசரம் பஸ்ஸோடு நிற்கவில்லை. கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் கை கழுவியிருப்பார். ஒருமுறை சலூனில் மீசையின் வலப்பக்கம் திருத்தி முடிந்ததுமே, "மதி, மதி, போதும்" என்று எழுந்து வந்துவிட்டார். அந்த வாரம் முழுக்க இடப்பக்க மீசைக்கு விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சரசக்காவை இடப்பள்ளியில் ஒரு மாலுக்குக் கூட்டிப்போனார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கேக் பாப் இருந்தது. குச்சி நுனியில் எலுமிச்சை அளவு கேக் உருண்டை, அதன்மேல் சாக்லேட் பூச்சு. சரசக்கா நெடுநேரம் யோசித்து, ரோஸ் கலரில் ஒன்றைக் காட்டி விரலை நீட்டினார். நீட்டிய விரலோடு சேர்த்து அவர் கையைப் பிடித்து அண்ணன் இழுத்தார். "வா வா, வண்டி போயிடும்."

மறுநாள் காலை சரசக்கா ஒரு பையோடு அவருடைய பஸ்ஸிலேயே ஏறி, "ஆலுவா ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டார். அங்கே தங்கை வீடு. அண்ணன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கிழித்துக் கொடுத்தார். ஆலுவாவில் மனைவி இறங்கியதும், கை பழக்கத்தில் டபுள் பெல் அடித்துவிட்டது. வண்டியும் கிளம்பிவிட்டது.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தபோது சரசக்கா சொன்னாராம்: "நீங்க ஓடிட்டே இருங்க. நான் இங்க கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

இரண்டு நாள் கழித்து அண்ணன் மாடியேறி வந்தார். கையில் பேக்கரிக் கேக்கும் ரோஸ் கலர் சாக்லேட்டும்.

"டீச்சரே, இந்த சாக்லேட்ட வெக்க ஃப்ரிட்ஜ்ல எடம் உண்டோ? எங்க ஃப்ரிட்ஜ் கேடாயிப் போச்சு. அந்த உருண்டைக் கேக்க இங்கயே நானே செய்யப் போறேன்."

செய்முறை வீடியோவை இரட்டை வேகத்தில் பார்த்திருந்தார். கேக்கை உதிர்த்து, கிரீம் சேர்த்து உருட்டுவது வரை சரி. உருண்டையைக் குளிர வைக்க வேண்டும் என்ற இடம் மட்டும் பறந்து போயிருந்தது. இளகிய உருண்டையில் குச்சியைச் செருகிச் சூடான சாக்லேட்டில் முக்கினார். வெளியே வந்தது வெறும் குச்சி.

"எறங்கிட்டான்" என்றார் அண்ணன், பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்து. அடுத்ததும் இறங்கியது. அந்த ஸ்டாப்பில் எல்லோருமே இறங்கிவிட்டார்கள்.

மறுநாள் உருண்டைகளை ஃப்ரிட்ஜில் வைத்தார். ஆனால் நிமிஷத்துக்கு ஒரு தரம் கதவைத் திறந்து, "ஆச்சோ?" என்று விரலால் அமுக்கிப் பார்த்தார். உருண்டைகள் தோசையாகிக்கொண்டிருந்தன.

"அண்ணா, இப்படி வாங்க" என்று ஃப்ரிட்ஜ் கதவை ஒட்டி நாற்காலி போட்டேன். "நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

உட்கார்ந்தார். கால் ஆடியது. கால் ஆட நாற்காலி ஆட, ஃப்ரிட்ஜுக்குள் பாட்டில்கள் கிணுகிணுத்தன. கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தை. பிறகு எப்போதோ சத்தம் நின்றது. உள்ளே பேப்பர் திருத்திக்கொண்டிருந்த நான் பயந்து எட்டிப் பார்த்தேன். மடியில் கையை வைத்து, அசையாமல் இருந்தார்.

"சோறு வெச்சிட்டு அவ தெனமும் இப்படித்தான் எனக்காக இருந்திருக்கா, அல்லே டீச்சரே?"

ரோஸ் கலர் சாக்லேட்டை உருக்க அடுப்பைப் பற்ற வைத்தேன்.

சாக்லேட்டில் முக்கியெடுத்த குச்சிகளைக் காய்வதற்கு ஒரு பெரிய கப்பைக்கிழங்கில், அதாவது மரவள்ளியில், வரிசையாகக் குத்தி வைத்தார். ஒன்றுகூட விழவில்லை. அண்ணன் அதைத் தொடவும் இல்லை.

மறுநாள் லீவு போட்டு, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஆலுவாவுக்குக் கிளம்பினார். "அவ கதவத் திறக்கலன்னா நீங்க பேசணும்" என்று என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டார். பஸ் ஒரு வளைவில் சீறியபோது அண்ணன் எழுந்து இளம் கண்டக்டரிடம், "மெள்ளப் போகச் சொல்லு மோனே" என்றார். அவரிடம் தொழில் பழகிய அந்தக் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதையே மறந்து நின்றான்.

சரசக்கா கதவைத் திறந்தார். டப்பாவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ஒன்றை எடுத்துத் திண்ணையில் உட்கார்ந்து, வேண்டுமென்றே மெதுவாக, ஓரம் ஓரமாகக் கடித்தார். அண்ணன் நின்றார். பிறகு, யாரும் சொல்லாமலே, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இனிப்பு ஜாஸ்தி" என்றார் சரசக்கா.

"இன்னொண்ணு எடு."

"எடுக்கறேன். நீங்களும் தின்னுங்க."

சாயங்காலம் மூவருமாகத் திரும்பினோம். எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். தோப்பும்படிப் பாலம் தாண்டும்போது அண்ணன் சரசக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நாங்கள் இறங்க வேண்டிய இடம் வந்தது. சரசக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அவரும் எழுப்பவில்லை, நானும் எழுப்பவில்லை.