மூவாயிரத்துச் சொச்சம் தூசி

அன்புள்ள அக்கா மகளுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் அத்தை மட்டும் சௌக்கியம். நீயும் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் படித்து முடிக்கும் வரையாவது அப்படியே இரு. முதலில் ஒரு நாற்காலியில் உட்கார். பக்கத்தில் உன் மேலதிகாரி இருந்தால் வேறு நாற்காலிக்குப் போய்விடு.

போனிலேயே சொல்லிவிடலாம் என்று ஏழு தடவை அடித்தேன். தொலைநோக்கி வேலை நடக்கும் அறைக்குள் போனை விடமாட்டார்கள் என்பது ஏழாவது தடவைதான் ஞாபகம் வந்தது. நாலு மணிக்கு எங்கள் அச்சகத்து வண்டி, உன் அறிக்கையின் மாதிரிப் பிரதியை எடுத்துக்கொண்டு உன் அலுவலகத்துக்கு வருகிறது. அந்த உறைக்குள்தான் இந்தக் கடிதத்தையும் வைக்கப் போகிறேன். உறையை நீயே பிரி. வேறு யாராவது கை வைத்தால் பிடுங்கிக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே எனக்கு விளக்கினாயே, "மாமா, இது உருண்டை நட்சத்திரக் கொத்து. நடுவுல லட்சக்கணக்குல நட்சத்திரம், ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும். தரையிலேருந்து எடுத்தா காத்து அசையுறதால எல்லாம் குழம்பி வெள்ளையாத் தெரியும். காத்துக்கு மேல போய் எடுத்தாத்தான் ஒண்ணொண்ணாப் பிரியும்" என்று. நான் பெரிதாகத் தலையாட்டினேன். வாய் நிறையச் சாப்பாடு இருந்ததால் ஆட்டிய தலை அது. அன்றைக்கே திருப்பி ஒரு கேள்வி கேட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் கதி வந்திருக்காது.

எனக்கு இங்கே என்ன வேலை என்பது உனக்குத் தெரியும். அச்சுக்குப் போகிற படங்களில் ஒட்டியிருக்கும் தூசியை, கீறலை, புள்ளியைத் துடைப்பது. முப்பத்திரண்டு வருஷமாக அதுதான். தூசி மாமா என்று எனக்குப் பெயர் வைத்ததே நீதான், மூன்று வயசில். கறுப்பில் வெள்ளைப் புள்ளியைக் கண்டால் என் கை என்னைக் கேட்டுக்கொண்டு போவதில்லை. திங்கட்கிழமை உன் அறிக்கையின் முகப்புப் படத்தைத் திறந்தேன், திறந்ததுமே எனக்கு உன் அலுவலகத்தின் மேல் கோபம் வந்தது, இவ்வளவு பெரிய தொலைநோக்கியை மேலே அனுப்பியவர்கள் கண்ணாடியை ஒரு தரம் துடைத்து அனுப்பக் கூடாதா என்று, படம் முழுக்க அவ்வளவு புள்ளி, சரி நம் பிள்ளையின் படமாயிற்றே என்று பெரிதாக இருந்த பன்னிரண்டை மட்டும் நட்சத்திரமாக வைத்துக்கொண்டு மற்றதை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தேன், திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாள், மூவாயிரத்துச் சொச்சம், கட்டைவிரல் வீங்கிவிட்டது. அடியில் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று கிடந்தது. நட்சத்திரத்தை அளந்துவிட்டு உங்கள் ஆட்கள் எடுக்க மறந்திருப்பார்கள் என்று அதையும் அழித்தேன். அது விலை உயர்ந்த கருவி என்றால் அதற்கும் சேர்த்து மன்னித்துவிடு.

இன்று காலையில் மெஷின்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, லட்சக்கணக்குல இருக்குன்னீங்களே, பன்னண்டுதான் நிக்குது? மிச்சமெல்லாம் லீவா?" என்றார். அப்போதுதான் நீ சாப்பிடும்போது சொன்னது அத்தனையும் வரிசையாக என் காதில் விழுந்தது. அவசரமாகப் பின்னால் போகிற பொத்தானை அழுத்தினேன். கணினி ஐம்பது நட்சத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கைவிரித்துவிட்டது. அசல் வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடினால், அசலின் மேலேயே சேமித்து வைத்திருக்கிறேன். நான் ஒழுங்கான ஆள் அல்லவா.

வேறு வழி தெரியாமல், எடுத்ததை நானே திருப்பி வைக்க உட்கார்ந்தேன். உன் அத்தையிடம் போனில் யோசனை கேட்டேன். "நடுவுல நெருக்கமா வைங்க, ஓரத்துல தள்ளித்தள்ளி வைங்க. பஸ்ஸுல நிக்கிற மாதிரி படிக்கட்டுல கூட்டத்தை வச்சுட்டு உள்ள காலியா விட்டுடாதீங்க" என்றாள். அப்படியே வைத்தேன். கிழ நட்சத்திரங்களுக்கு நடுவே சிலது மட்டும் பக்கத்து நட்சத்திரத்தை உறிஞ்சி இளசாக, நீலமாகத் தெரியும் என்றாயே, அதுவும் ஞாபகம் வந்தது. தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிற நம் பெரியப்பா மகனை நினைத்துக்கொண்டு ஏழு நீலப் புள்ளி வைத்தேன். இப்போது என் பயமே அந்த ஏழுதான். உன் மேலதிகாரி அதைப் பார்த்து, புதிதாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஏதாவது ஆரம்பித்துவிட்டால்? யாராவது அதை வைத்து டாக்டர் பட்டம் வாங்கிவிட்டால்? பட்டத்தை யார் திருப்பிக் கேட்பது?

சிரிக்காதே அம்மா. வெள்ளிக்கிழமை இந்த அறிக்கையைப் பார்த்துத்தான் அடுத்த வருஷமும் தொலைநோக்கியை உனக்குத் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அஞ்சு வருஷம் காத்திருந்து எடுத்த படம் என்றாய். "எங்க மாமா அச்சகத்துல குடுத்தா சுத்தமா வரும்" என்று எனக்காகப் பேசி இந்த வேலையை இங்கே கொண்டுவந்தாய். சுத்தமாகத்தான் வந்திருக்கிறது. என் வேலை போனால் போகட்டும், உன் முகத்தில் கரி பூசிவிட்டேனே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. மேலதிகாரியிடம் மெஷின் கோளாறு என்று சொல்லிவிடு. வேண்டாம், மெஷின்காரர் நல்ல மனிதர். மாமா கோளாறு என்றே சொல்லிவிடு. படத்தை உடனே மறுபடி அனுப்பு. நான் தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறேன்.

உன் அம்மாவிடம் இதைச் சொல்லாதே. நீ எடுக்கிற ஒவ்வொரு படமும் நல்லபடியாக வர வேண்டும், எந்த அச்சகத்திலும் உனக்கு மாமன் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தூசி மாமா

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். சமையலறை மேடைக்குக் கருங்கல் விற்கிற கடைக்காரர் போனில் கத்துகிறாராம், அவருடைய பதினாலாம் நம்பர் கல்லைக் காணோமாம். ஓடிப் போய்ப் பார்த்தேன். உன் படமும் அவர் படமும் ஒரே நாளில் வந்திருக்கின்றன, இரண்டும் கறுப்பு, இரண்டிலும் வெள்ளைப் புள்ளி. மூன்று நாள் நான் துடைத்தது கருங்கல்லை. ஸ்கேல் அப்போதே சொல்லியிருக்கிறது, எனக்குத்தான் காது கேட்கவில்லை. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. உன் நட்சத்திரம் ஒன்றுக்கும் சேதமில்லை. மிச்சமிருந்த கறுப்புப் படம்தான் கல் என்று நினைத்து முதலாளி உன் நட்சத்திரப் படத்தைக் கல் கடை கேட்லாக்கில் பதினாலாம் பக்கத்தில் போட்டுவிட்டார், அவ்வளவுதான். கீழே "எண்ணெய்க் கறை ஒட்டாது, சூடான பாத்திரத்தை நேராக வைக்கலாம்" என்று இருக்கிறது. மூன்று வீட்டில் அந்தக் கல்தான் வேண்டும் என்று நிற்கிறார்களாம். உன் முகப்பில் சரியான படத்தைப் போட்டு, புது மாதிரிப் பிரதியை இந்த உறையிலேயே வைத்துவிட்டேன். இந்தத் தடவை எதையும் தொடவில்லை. நட்டநடுவில் இருந்த ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்தேன். அது தூசிதான்.