மூன்றாவது அரண்மனைப் பேய்க்கணவாய்

அநியாயம் நடந்தது என் லாத்தா மலிகாவுக்கு. அவள் வரைந்த படக்கதைப் புத்தகத்தில் அவள் பெயரை விட்டுவிட்டுத் தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டவர் அவளுடைய மாப்பிள்ளை, என் மச்சான் ஹமீது சுல்தான். வழக்கு இதுதான். நான் லாத்தாவின் தங்கை சல்மா. நடுநிலையெல்லாம் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் கீழக்கரையில் கல்யாணம் ஆனால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆக, வீடு லாத்தாவுடையது. டிவி லாத்தாவுடையது. டிவிக்கு எதிரே விரித்த பாய்கூட லாத்தாவின் சீர். மச்சானுடையது என்று அந்த வீட்டில் இருந்தவை இரண்டுதான். ஒன்று அத்தர் வாசனை. இன்னொன்று, தொண்ணூற்றேழாம் வருஷத்து லீவில் துபாயிலிருந்து அவர் கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டி.

இரண்டு வருஷம் காத்திருந்த லாத்தாவுக்கு மூன்று மாதம் மாப்பிள்ளை கிடைத்தார். அதாவது, மாப்பிள்ளையின் முதுகு கிடைத்தது.

அந்த விளையாட்டு அழகாகத்தான் இருந்தது, மறுக்கமாட்டேன். பச்சைச் சட்டை போட்ட ஒரு குட்டி மனுஷன் கடலுக்குள் முங்குவான். அடியில் ஐந்து அரண்மனைகள். கடைசி அரண்மனையில் ஒரு முத்து. பகலிலேயே ஜன்னலைச் சாத்திவிட்டு மச்சான் உட்காருவார். கூடம் முழுக்க நீலம் பரவும். சுவரில் மீன் நீந்தும். சோறு பரிமாறக் குனியும் லாத்தாவின் கன்னத்தின் மேல் ஒரு ஜெல்லி மீன் மெதுவாக ஏறிப் போகும். பாட்டு யாரோ தூக்கத்தில் முனகுவது போல வரும். கரண்ட் போனால் பெட்டிக்குள் இருந்த கடல் அணைந்து, வெளியே இருக்கிற கடலின் சத்தம் உள்ளே வரும். அப்போதுதான் ஊரில் கடல் இருப்பது எங்களுக்கு ஞாபகம் வரும்.

மூன்றாவது அரண்மனை வாசலில் ஒரு பேய்க்கணவாய். எட்டுக் கை, ஒவ்வொன்றும் பனைமரம். மச்சான் சுடுவார், குத்துவார், முட்டுவார். அது அவரைச் சுருட்டி வாயில் போட்டுக்கொள்ளும். தினமும். துபாயில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவராம். இங்கே ஒரு கணவாய்க்கு மூன்று வேளையும் சாப்பாடு அவர்தான்.

தெருப் பிள்ளைகள் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்து நின்றார்கள். அதைப் பார்த்ததும் மச்சானின் கூட்டாளி அகமது கபீருக்கு ஒரு யோசனை வந்தது. எங்களுக்கு அவர் காக்கா, அதாவது அண்ணன் முறை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ் அவருடையது. அது சபர் மாதம். சபரில் எங்கள் பக்கம் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். மெஷின் தூங்கியது.

"மாப்ள, இந்தக் கேமைப் படக்கதையாப் போடுவோம். பிள்ளைக வாங்கிப் படிக்கும்."

"போடலாமே. கதை என் கையில இருக்கு. படம் மலிகா போடுவா."

லாத்தாவின் கை ஊருக்கே தெரியும். கல்யாணப் பெண்களுக்கு அவள் மருதாணி வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்ப்பார்கள். பேனாவைப் பிடித்தாள். அவள் அலைகள் மருதாணிக் கொடி போலச் சுருண்டன. பச்சைச் சட்டைக்காரன் விட்ட மூச்சுக்குமிழ் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டி வானம் இருந்தது. புத்தகம் வந்தது. அட்டையில் கொட்டை எழுத்து: 'கதை, படம்: துபாய் ஹமீது சுல்தான். கேமில் உள்ளது உள்ளபடி.'

மலிகாவைக் காணோம். நான் போர் தொடுத்தேன்.

"மச்சான், படம் நீங்களா போட்டீங்க?"

"நாந்தானே சொல்லச் சொல்லப் போட்டா."

"அப்ப 'சொன்னது ஹமீது, போட்டது மலிகா'ன்னு அச்சடிங்க."

"குடும்பத்துப் பொம்பள பேரு கடைத்தெருவுல தொங்கணுமா சல்மா?"

"கல்யாணப் பத்திரிகையில லாத்தா பேரு தெருத் தெருவாப் போச்சே. அடிச்சது இதே கபீர் காக்கா பிரஸ்தான்."

"அது வேற."

"எது வேற? காகிதம் வேறயா, மை வேறயா?"

"ஒன்னைய மதுரைக்கு அனுப்பி எம்.ஏ. படிக்க வச்சது தப்பாப் போச்சு."

"அந்தத் தப்பச் செஞ்சது எங்க வாப்பா. அதுலயும் உங்க பேரப் போட்டுக்காதீங்க."

வெற்றி என் பக்கம் என்று நினைத்துத் திரும்பினேன். "லாத்தா, நீயும் ஒரு வார்த்தை சொல்லேன்."

"அடுப்புல மீன் கெடக்கு" என்று எழுந்து போனாள். தன் கட்சிக்காரரே கோர்ட்டை விட்டு வெளியேறினால் வக்கீல் என்ன செய்ய? நான் மாடிக்குப் போய் என் கட்டுரையில் உட்கார்ந்தேன். தலைப்பு பெண்ணுரிமை. தினமும் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் போன மச்சான் அப்படியே கடற்கரையில் சபை கூட்டிப் பேசிவிட்டுப் பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பிறகுதான் வருவார். அந்த நேரம் முழுக்க மேலே நான் உரிமையைப் பற்றி எழுதினேன். கீழே யாரோ தூக்கத்தில் முனகுவது போல ஒரு சத்தம். லாத்தா ரேடியோ கேட்கிறாள் என்று நினைத்தேன்.

முதல் புத்தகம் மூன்றாவது வாசலோடு நின்றது. பிள்ளைகள் மச்சானை மறித்தார்கள். உள்ளே என்ன இருக்கு, முத்து கிடைச்சதா, காக்கா கடைசி வரைக்கும் போயிருக்கீங்களா? போயிருக்கேன் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு போக வேண்டியிருந்தது. கணவாய் விடவில்லை. கபீர் விடவில்லை. லீவும் கரைந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே தணிந்த குரலில் சொன்னார். "மலிகா, மிச்சத்த நீயே பாத்துப் போட்டுரு புள்ள."

"என் இஷ்டத்துக்கா, கேம்ல உள்ளபடியா?"

"உள்ளபடிதான். அட்டையில போட்டுட்டோம்ல."

"கேம்ல உள்ளபடின்னா, ஒரு புள்ளியும் மாத்த மாட்டேன்."

"மாத்தாத" என்றார் பெருந்தன்மையாக. பிறகு என் பக்கம் குனிந்து, "ஊருல வேற யாருகிட்ட இந்தக் கேசட் இருக்கு? யாரு வந்து பாக்கப்போறா."

லாத்தா வரைந்தாள். நான்காவது அரண்மனையில் ஜெல்லி மீன்களால் ஆன படிக்கட்டு. மிதித்தால் ஒவ்வொன்றாக விளக்குப் போல எரியும். ஐந்தாவதில் கூரையே கிடையாது. தலைக்கு மேலே மூழ்கிய நிலா. ஒரு கிழட்டுத் திருக்கை சிறகை விரித்து, குட்டி மனுஷனை முதுகில் ஏற்றிக்கொண்டு நிலாவைச் சுற்றி வருகிறது. அதைப் பார்க்கையில் எனக்கே காலுக்குக் கீழ் தரை இல்லாதது போல இருந்தது.

"என்ன ஒரு கற்பனை" என்றார் மச்சான், தானே வரைந்தது போல. கடைசிப் பக்கத்தை அவர் பார்க்கவில்லை. கபீரின் ஆள் வாசலில் நின்றான். அப்படியே கொடுத்துவிட்டார்.

அச்சாகி, அட்டை மட்டும் பாக்கியிருந்த புத்தகத்தோடு கபீர் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். நானும் லாத்தாவும் திரைச்சீலைக்குப் பின்னால். மச்சான் பக்கங்களைப் புரட்டிக் கடைசிக்கு வந்தார். அத்தர் வாசனைகூட ஒரு நிமிஷம் நின்றுவிட்டது.

சிப்பி திறந்திருக்கிறது. முத்து எழும்பி வருகிறது. முத்தின் மேல், மருதாணிக் கொடி நடுவே: மலிகா.

"இது கேம்ல கெடையாது" என்றார்.

"ஏன் மாப்ள, நீதான் கடைசி வரைக்கும் போனவனாச்சே. அங்கன என்ன இருக்கு?"

"முத்து இருக்கும். பேரெல்லாம் இருக்காது."

"போட்டுக் காட்டு. உள்ளபடின்னு அடிச்சிருக்கேன். பிள்ளைக என் சட்டையப் பிடிக்கும்."

மச்சான் பெட்டியைப் போட்டார். நீலம் பரவியது. கட்டைவிரல் வழக்கம்போலப் பட்டனுக்குப் பாய்ந்தது.

"அமுக்காதீங்க. கொஞ்சம் பொறுங்க" என்றாள் லாத்தா திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து.

விரல் நின்றது. டிவியில் இருந்த மீன்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. தண்ணீர் கறுத்தது. அடியிலிருந்து ஒரு சிப்பி, அவசரமே இல்லாமல், வாய் திறந்தது. முத்து மேலே வந்தது. அதன் மேல் ஆங்கில எழுத்தில் மலிகா என்று இருந்தது. நான் மாடியில் கேட்டது ரேடியோ இல்லை. கடைசி வரை போய் ஜெயித்தவர் தன் பெயரை அதில் எழுதலாமாம். கேசட்டுக்குள் ஒரு பேட்டரி உண்டாம். கரண்ட் போனாலும் அழியாதாம். பட்டனை அமுக்காமல் சற்றுப் பொறுத்தால் முத்து தானாகவே வந்து பெயரைக் காட்டுமாம். மூன்று மாதத்தில் மச்சான் ஒரு தடவைகூடப் பொறுத்ததில்லை.

"மெசினுக்குள்ளயே ஏறிருச்சே மாப்ள" என்றார் கபீர். "அட்டை இன்னும் அடிக்கல. அதுலயும் போட்டுரவா?"

மச்சான் முத்தைப் பார்த்தார். திரைச்சீலையைப் பார்த்தார். "போடு" என்றார், கடலடியிலிருந்து பேசுகிறவர் போல.

கபீர் கிளம்பியதும் நான் வெளியே வந்தேன். எம்.ஏ.யில் படித்ததெல்லாம் தொண்டையில் வரிசையாக நின்றது. மச்சான் என்னைப் பார்க்கவே இல்லை.

"புள்ள" என்றார் லாத்தாவிடம், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில். "அந்த மூணாவது வாசலு. பேய்க்கணவாய எப்படி மடக்குன?"

லாத்தா பாயைத் தட்டி விரித்தாள். சுவரில் மீன் நீந்தியது.

"நான் ஒண்ணும் செய்யல. பேசாம பக்கத்துல உக்காந்திருந்தேன். எட்டுக் கையையும் ஆட்டி ஆட்டி, களைச்சுப்போயி, அதுவாத் தூங்கிருச்சு. இங்கன பழகுனதுதானே."